சும்மா கூட இருந்தேன் சார்

தங்களைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளத் தெரியாதவர்களை ஊர் மெச்சும். பொறியியல் கல்லூரி மெச்சாது, இருபதுக்கு நான்கு போடும். (எனக்குப் போட்டார்கள்.)

எங்கள் ஊர் கோவளம். அப்பா போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர், அம்மா கருவாடு போட்டு விற்கிறவள். எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. கூடை வழிய மீனோடு கரையேறினாலும், "மீன் பட்டுச்சா?" என்று யாராவது கேட்டால், "இன்னா பட்டுச்சு, ஏதோ கொழம்புக்குக் கீது" என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளதைச் சொன்னால் கண் பட்டுவிடும். கேட்பவருக்கும் இது தெரியும். "சுமாரா கீது" என்றால் அமோகம் என்று புரிந்துகொண்டு போய்விடுவார். இந்தக் கணக்கு கடற்கரையோடு முடிந்துவிடுகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த வளர்ப்போடு பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்தேன். இறுதியாண்டு புராஜெக்டில் என் கூட்டாளி ஹரீஷ். அவன் அப்பா எஞ்சினியர், தாத்தாவும் எஞ்சினியர். (அவர்கள் வீட்டில் இன்னொரு இட்லி வேண்டுமென்றால்கூட காரணம் சொல்லிக் கேட்க வேண்டுமாம்.) நாங்கள் செய்தது வெயிலில் கருவாடு காயவைக்கும் பெட்டி. மணலும் காக்காயும் அண்டாது. யோசனை என்னுடையது, பலகை அறுத்தது நான், மொட்டை மாடியில் தெர்மாமீட்டரோடு நின்று கருத்துப்போனதும் நான். ஹரீஷ் கணக்குப் போட்டான், ஸ்லைடு செய்தான்.

முதல் ரிவ்யூவில் துறைத் தலைவர் என்னைப் பார்த்தார். "இதுல உன் பங்கு என்னம்மா?"

"நான் சும்மா கூட இருந்தேன் சார்."

"பெட்டி எப்படி வேலை செய்யுது?"

"ஏதோ சுமாரா காயுது சார்."

அதற்குத்தான் அந்த நான்கு. வெளியே வந்ததும் ஹரீஷ் குதித்தான். "லூசா நீ? மொத்தப் பெட்டியும் நீ பண்ணது."

"நானே அப்படிச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"நாலு மார்க் மட்டும் நல்லா இருக்கா?"

விஷயம் விளையாட்டில்லை. ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது, பாஸானால்தான் சேர முடியும். எங்கள் தெருவில் மாதச் சம்பளத்துக்குப் போகப்போகும் முதல் பெண் நான். கடைசி ரிவ்யூவும் இப்படியே போனால் அத்தனையும் போச்சு. ஒரு மாதம் ஹரீஷ் எனக்குக் கேன்டீனில் பயிற்சி கொடுத்தான். "யார் செஞ்சது?" "நான்." "சத்தமா." வீட்டில் கண்ணாடி முன் நின்று "நான்தான், நான்தான்" என்று பழகினேன். அதைப் பார்த்த அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து வந்து எனக்குச் சுற்றிப் போட்டாள்.

கடைசி ரிவ்யூவுக்குப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். கடலுக்குப் போயிருந்த அப்பா வரவில்லை. அம்மா பட்டுப்புடவையில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். நான் ஆரம்பித்தேன். பெட்டி நான் செய்தேன், கணக்கு நான், ஸ்லைடும் நான். ஹரீஷ் வாயைப் பிளந்தான். (விட்டிருந்தால் சூரியனையும் நானே செய்தேன் என்றிருப்பேன்.)

துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "போன மாசம் சும்மா கூட இருந்தேன்னு சொன்னே. இன்னிக்கு எல்லாமே நீதானா? எதைம்மா நான் நம்பறது?" பிறகு பின்வரிசையைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்க பொண்ணா இதைச் செஞ்சது?"

அம்மா எழுந்து நின்றாள். அவளை எனக்குத் தெரியும்.

"அய்ய, இதுக்கு இன்னா சார் தெரியும்? சும்மா கூட நின்னுகினு இருந்திருக்கும்."

முடிந்தது கதை. துறைத் தலைவர் மதிப்பெண் போடப் பேனாவைத் திறந்தார். ஆனால் அம்மா உட்காரவில்லை. புகழத்தான் அவளுக்கு வராது, குறை சொல்ல நன்றாக வரும்.

"இது பண்ண கூத்தக் கேளு சார். கட்டில் பலகைய அறுத்துடுச்சு. மூடி சாய்வா இருந்தாத்தான் வெயில் உள்ள வுழும்னு என் ஷோகேஸ் கண்ணாடியக் கயட்டிடுச்சு. காத்து போவணும்னு ஓட்ட போட்டுச்சு, அது பெருசா பூட்ச்சுன்னு திருப்பி அடைச்சுது. மூணு மாசமா மாடில நின்னுகினு, மணிக்கொரு தபா நோட்டுல எயுதிகினு, ஒரு கொடம் தண்ணி புடிச்சுக் குடுத்திருக்குமா? கணக்கு மட்டும் இந்தத் தம்பி போட்டுச்சு. ரெண்டும் சோறு துன்னாம போன்ல இதையே பேசிகினு கெடக்குங்க. வூட்ல ஒரே பேஜாரு சார்."

துறைத் தலைவர் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். "கருவாடு எப்படிம்மா காயுது?"

"சுமாரா கீது சார்."

ஹரீஷ் மெதுவாகச் சொன்னான். "சார், அவங்க ஊர்ல அது ஃபுல் மார்க்."

பதினெட்டு போட்டார். வேலையும் நிலைத்தது.

இப்போது அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை, "இந்த ஆண்டு உங்கள் சாதனைகள்" என்று ஒரு படிவம் வரும். பார்த்ததுமே எனக்குக் கை ஓடாது. அம்மாவுக்குப் போன் போட்டு, "என்னக் கொஞ்சம் திட்டும்மா" என்பேன். "நேரத்துக்கு நாஸ்தா துன்றியா? ஞாயித்துக்கெயம கூட புதுசா வந்த பசங்களுக்குப் போன்ல பாடம் எடுத்துகினு கீற" என்று அவள் தொடங்க, நான் "இளநிலைப் பொறியாளர்களுக்குப் பயிற்சி அளித்தேன்" என்று எழுதிக்கொள்வேன். இதுவரை இரண்டு பதவி உயர்வு வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் யார் எந்தப் படிவத்தை எடுத்தாலும், "அம்மாவக் கேட்டு எயுது" என்று அப்பா சிரிக்கிறார்.

இந்த வருடம் எழுதி முடித்தபின் ஓர் ஆசையில் கேட்டேன். "நான் நல்லா வேல செய்யறேனாம்மா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஏதோ, சுமாரா செய்ற" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.