இருபதாவது கட்டம்

சாப்பாட்டு மேசையின் மேல் பத்தொன்பது துணிக் கட்டங்கள் இருந்தன. இருபது இருக்க வேண்டும். அவள் இடமிருந்து வலமாக எண்ணினாள், வலமிருந்து இடமாக எண்ணினாள், மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்த் தேடினாள். பத்தொன்பதுதான்.

காணாமல் போனது மகளின் ஆறாம் வயதுக் கட்டங்களில் ஒன்று. மகளுக்கு இப்போது பத்து. வயதுக்கு இரண்டு துண்டு வீதம் அவளுடைய பழைய உடுப்புகளிலிருந்து வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, நடுவில் பஞ்சு விரிப்பும் அடியில் பருத்தித் துணியும் வைத்துத் தைத்தால் ஒட்டுப் போர்வை தயார். அன்றைக்கு வியாழக்கிழமை. சனிக்கிழமை மாலை நாலு மணிக்குப் போர்வை ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும். அன்றோடு, மகள் பிறந்தபோது அங்கே இருந்த நர்ஸம்மா ஓய்வு பெறுகிறார்.

மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். உள்ளங்கையில் அடங்குகிற உருவம். பெற்றவளோ காய்ச்சலில் நினைவு தப்பி வேறு கட்டடத்தில் கிடந்தாள். கணவன் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. பதினோரு நாள் கழித்து அவள் எழுந்து குழந்தையைப் பார்க்கப் போனபோது, குழந்தை பிழைத்துக்கொண்டதற்குக் காரணம் யாரோ அதை இரவு பகலாக நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுத்ததுதான் என்று டாக்டர் சொன்னார். தாயைத் தவிர வெளியாள் ஒருவரும் நுழைய முடியாத அறை அது. அங்கே இருந்த நர்ஸம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, குழந்தை நல்லா இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தொட்டிலுக்குப் போய்விட்டார். பத்து வருஷமாக அவள் மனசில் அந்த நன்றி தீராமல் கிடந்தது.

மனசில் கிடந்தவை நிறைய. கையில் கிடந்தவை அதைவிட நிறைய. தோழியின் குழந்தைக்குப் பின்ன ஆரம்பித்த கம்பளித் தொப்பி பாதியில் நிற்க, அந்தக் குழந்தை பள்ளிக்கூடமே போக ஆரம்பித்துவிட்டது. சோபா உறைக்குப் பூ வேலை செய்யப் புகுந்ததில் ஒரு கைப்பிடியில் மட்டும் பூ பூத்திருந்தது. துணி அலமாரிக்குள் பஞ்சு விரிப்பு புகுந்துகொண்டதால் துணிமணிகள் நாற்காலிகளில் குடியிருந்தன. போர்வை வேலை தொடங்கிய மூன்று மாதமாகக் குடும்பம் வாஷிங் மெஷின் மூடியின் மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

இதில் அதிகம் நொந்துபோனவர் மாமனார். முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருமுறை குண்டூசி மேல் உட்கார்ந்த அனுபவத்துக்குப் பிறகு, ஒரு காந்தத்தை நூலில் கட்டி வைத்துக்கொண்டு, சோபாவின் மேல் ஒரு நடை ஓட்டிப் பார்த்த பிறகுதான் உட்காருவார். போர்வை யாருக்கு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அடுத்தது தனக்கு என்று ஆரம்பித்துவிடுவாளோ என்ற பயம்.

இருபதாவது கட்டத்தை அவள் தேடிக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. அவளுக்கு லிஃப்ட் கம்பெனி ஒன்றில் புகார் கேட்கும் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தபடியே. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பித்தானை அமுக்கினால் இவள் காதில் வந்து விழுவார்கள். இப்போது ஒருவர் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க சார், ஆள் கிளம்பிட்டாங்க. தரையில உக்காந்துக்குங்க. மூச்சை மெதுவா இழுத்து, மெதுவா விடுங்க," என்றாள். அவரை மூச்சு விட வைத்தபடியே கண்ணால் துணி தேடினாள். நாற்காலியின் மேல் நீலக் கட்டம் போட்ட துணி ஒன்று தெரிந்தது. மகளின் பழைய பாவாடை மாதிரியே இருந்தது. எடுத்தாள், விரித்தாள், அளவு வைத்தாள், வெட்டினாள். லிஃப்ட்காரர் வெளியே வந்து அவளை வாயார வாழ்த்தினார். போனை வைத்துவிட்டுத் துணியைத் திருப்பினால் அதற்குக் காலரும் பையும் இருந்தன.

மாமனாரின் சட்டை. நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு அவர் போட்டுக்கொண்டு போகிற ஒரே சட்டை. முதுகில் சதுரமாக ஒரு ஜன்னல்.

அதைப் பஞ்சு மூட்டைக்குள் திணித்துவிட்டுக் கணவனுக்குப் போன் செய்தாள். கவலைப்படாதே, அதே மாதிரி ஒன்று வாங்கி வருகிறேன் என்றான் அவன். சாயங்காலம் வாங்கி வந்தான். அதே கம்பெனி, அதே அளவு, அதே கட்டம். நிறம் மட்டும் பச்சை. வருஷக்கணக்காகப் பார்த்த சட்டைதானே என்று கேட்டதற்கு, பார்த்தது அப்பாவைத்தான், சட்டையை அல்ல என்றான்.

அதற்குள் மாமனார் சட்டையைத் தேட ஆரம்பித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பழைய டிரைவர்கள் ஒன்றுகூடிப் படம் எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். அவள் வாயில் வந்தது இஸ்திரிக்குப் போட்டிருக்கிறேன் என்ற பதில். இரண்டு நாள் தாங்கும் என்று நினைத்தாள். அது இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. இப்போதே வாங்கி வருகிறேன் என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தெருமுனை இஸ்திரிக்காரர் முப்பது வருஷத் தொழிலில் ஒரு கைக்குட்டையைக்கூடத் தொலைக்காதவர். வராத சட்டையை அவர் எங்கிருந்து கொடுப்பார்? கடையைத் தலைகீழாகப் புரட்டி, நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டையைக் கண்டெடுத்து, இதுதான் போலிருக்கிறது என்று கொடுத்து அனுப்பினார். மாமனார் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தார். பித்தானுக்கும் துளைக்கும் இடையில் நாலு விரற்கடை தூரம் இருந்தது.

அவர் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு, "ஏம்மா, நான் இவ்வளவு பெருத்தா போயிட்டேன்?" என்று கேட்டார்.

இல்லை மாமா என்றாள் அவள். அவர் அன்று ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று ஒரு தம்ளர் வெந்நீரோடு படுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து குடியிருப்பை ஆறு சுற்றுச் சுற்றி, வியர்த்து விறுவிறுத்து வந்து காந்தத்தை ஓட்டிப் பார்க்கக்கூடத் தெம்பில்லாமல் சோபாவில் விழுந்தார்.

தன் கத்தரிக்கோல் செய்த வேலைக்கு ஒரு பெரிய மனுஷர் பட்டினி கிடப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் அந்தச் சட்டையின் இரண்டு பக்கத் தையலையும் பிரித்தாள். பஞ்சு மூட்டையில் ஒளித்திருந்த அசல் சட்டையிலிருந்து நீளவாக்கில் இரண்டு பட்டை வெட்டி, அக்குளிலிருந்து அடிவரை வைத்துத் தைத்தாள். குளித்து வந்தவர் சும்மா ஒருதரம் போட்டுப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"ஒரே ராத்திரி," என்றார் பூரித்துப்போய். "ஒரு வேளை பட்டினிக்கே இப்படின்னா, உடம்பு எப்படிச் சொன்ன பேச்சு கேக்குது பாரு." காலைச் சாப்பாட்டை இரண்டு மடங்காகச் சாப்பிட்டார்.

அத்தோடு முடிந்தது என்று அவள் நிம்மதியாக இருபதாவது கட்டத்தை இணைத்தாள். சாயங்காலம் வாசல் மணி அடித்தது. இஸ்திரிக்காரர் நின்றிருந்தார். பக்கத்தில் மேல்மாடி டியூஷன் வாத்தியார், ஒல்லியாக, உயரமாக. சட்டை அவருடையது.

மாமனார் சட்டையைக் கழற்ற மறுத்தார். தன் உடம்புக்கு அளவெடுத்தது போல இருப்பது எப்படி அடுத்தவர் சட்டையாக இருக்க முடியும் என்பது அவர் கட்சி. கடைசியில் கழற்றிக் கொடுத்தார். வாத்தியார் அதை வாங்கி மாட்டிக்கொண்டார். காலர் உள்புறம் அவர் வீட்டுக் குறி இருந்தது, சட்டை அவருடையதுதான். ஆனால் உள்ளே இன்னொரு வாத்தியாருக்கு இடம் இருந்தது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டார். ஒரு மாசமாகவே மனைவி தன்னை இளைத்துப்போனதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், தான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றார். தெரிந்த டாக்டர் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்தார். இஸ்திரிக்காரரோ, வந்த சட்டையைத் தொலைத்ததோடு இருந்த சட்டையையும் கெடுத்துவிட்டேனே, இனி எந்த முகத்தோடு கடை திறப்பேன் என்று கண் கலங்கினார்.

வரவேற்பறையில் மூன்று ஆண்கள். ஒருவர் இளைத்துவிட்டோம் என்று மகிழ்ச்சியில், ஒருவர் இளைத்துவிட்டோம் என்று துக்கத்தில், ஒருவர் தொழிலே போச்சு என்ற நிலையில். மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு குற்றவாளி. அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பஞ்சு மூட்டையைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் கவிழ்த்தாள். முதுகில் ஜன்னலும் இரண்டு பக்கமும் வாசலுமாக நீலச் சட்டை வந்து விழுந்தது. ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள்.

முதலில் பேசியவர் வாத்தியார். அப்படியானால் எனக்கு ஒன்றும் இல்லையே என்று இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார். சட்டையைப் பழையபடி பிடித்துத் தருகிறேன் என்றதற்கு, வேண்டாம், காற்றோட்டமாக இருக்கிறது என்று சொல்லிப் படி ஏறினார். இஸ்திரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பெயர் கெடாமல் காப்பாற்றியதற்கு அவளுக்கே நன்றி சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது.

மாமனார் மேசையருகே போய்ப் போர்வையைப் பார்த்தார். முதல்முறையாக, யாருக்கு என்று கேட்டார். அவள் நர்ஸம்மாவைப் பற்றிச் சொன்னாள். குழந்தையைக் காப்பாற்றியதற்குப் பத்து வருஷம் கழித்தாவது ஒரு கைம்மாறு என்றாள்.

அவர் தொண்டையைச் செருமினார். "ரொம்ப நல்ல அம்மா," என்றார். "கண்டிப்பா செய்யணும்." பச்சைச் சட்டையைக் கையில் கொடுத்ததும் விரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். கோபம்தான் என்று அவள் முடிவு செய்தாள்.

அந்தத் தவிப்பிலேயே உட்கார்ந்து மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்தாள். ஒரு பக்கம் முழுக்கத் தைத்து முடித்துத் தூக்கினால், மேசையே கூட வருவது போல இருந்தது. அடியில் இருந்த மேசை விரிப்பையும் போர்வையோடு சேர்த்துத் தைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் அவள் எழுந்து வந்தபோது, கூடத்துத் தரையில் மூன்று பேர் உட்கார்ந்து தையல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மகள் கையில் சின்னக் கத்தரி. கணவன் நூல் இழுத்துக்கொண்டிருந்தான். மாமனார் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகத் தூக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், காபியைக் குடித்துவிட்டு மெஷினில் உட்கார், நேரம் ஆகிறது என்றார்.

கனமான போர்வையை மெஷின் கைக்கு அடியில் தள்ளுவது தனி ஆளால் ஆகிற காரியம் இல்லை. மாமனார் அதைச் சுருட்டித் தோளில் தாங்கிக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் நின்றார்.

"வா, வா... வரலாம்... லேசா வலது ஒடி... நேரா வா... நிறுத்து."

முப்பத்தைந்து வருஷம் பின்னால் நின்று கண்டக்டர் தட்டிக் காட்ட வண்டி ஓட்டியவர், இன்றைக்குத்தான் தட்டிக் காட்டுகிற இடத்தில் நின்றார். மூலை வந்தபோது வளைத்துத் திருப்பச் சொன்னார். திருப்பினாள். மூன்று மாதத்தில் ஒரு தையல்கூட அவ்வளவு நேராக வந்ததில்லை. மதியம் இரண்டு மணிக்குக் கடைசி நூலை அறுத்தபோது அவளுக்குக் கண் மங்கியது. இந்த வீட்டில் தன்னை யாரும் ஒரு வார்த்தை வைததில்லை, ஊசி குத்தியபோதும்கூட வைததில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மகளை நடுவில் உட்கார வைத்து மாமனார்தான் ஸ்கூட்டரில் அவர்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து விட்டார். உள்ளே வரவில்லை. மருந்து வாசனை தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி, பச்சைச் சட்டையோடு கேட்டருகே நின்றுகொண்டார்.

விழா சின்னதுதான். மாலை போட்டு, நாலு பேர் பேசி, டாக்டர்கள் கலைந்த பிறகு அவள் மகளோடு அருகில் போனாள். போர்வையை விரித்து நர்ஸம்மாவின் மடியில் போட்டாள். ஒரு வயது, இரண்டு வயது என்று கட்டம் கட்டமாக அந்த அம்மா தடவிப் பார்த்தார். மகளின் கன்னத்தைத் தொட்டார். அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், பதினோரு நாள் நீங்கள் நெஞ்சில் போட்டுக் காப்பாற்றிய குழந்தை இது என்று மட்டும் சொல்ல முடிந்தது.

நர்ஸம்மா அறை வாசல் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். யாரும் இல்லை.

"இன்னிக்கு சாயங்காலத்தோட என் வேலை முடிஞ்சிடுச்சும்மா, இனிமே சொன்னா யாரும் என்னை ஒண்ணும் கேக்க முடியாது," என்றார் குரலைத் தாழ்த்தி. "எட்டுக் குழந்தைக்கு நான் ஒருத்தி, ஒண்ணை மட்டும் மடியில வச்சுக்கிட்டு உக்கார எனக்கு ஏது நேரம்? சட்டத்தை மீறி ஒருத்தரை உள்ள விட்டு, அங்கியும் முகமூடியும் மாட்டி, புதுசா வந்த ஆயான்னு பெரிய டாக்டர்கிட்ட பொய் சொன்னேன், அவ்வளவுதான் நான் செஞ்சது. ராத்திரி பகலா குழந்தையை நெஞ்சுல போட்டுக்கிட்டு அசையாம உக்காந்திருந்தது, அதோ, ஜன்னலுக்கு வெளியே கேட் பக்கத்துல நிக்கிறாரே, உங்க மாமனாரு, அவருதாம்மா."