குழந்தை இல்லை, குட்டி உண்டு

மயிலாப்பூர்,
13-10-1995, வெள்ளிக்கிழமை.

மஸ்கட்டில் இருக்கும் சிரஞ்சீவி மாப்பிள்ளை ஸ்ரீவத்சனுக்கு மாமனார் கஸ்தூரிரங்கன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. சௌபாக்கியவதி ஹம்சினிக்கும் ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். தாங்கள் எங்களிடம் விட்டுப்போன குட்டி எங்கள் இருவரையும்விட சௌக்கியம். அங்கே வெயில் குறைந்ததா, ஹம்சினி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்பதையெல்லாம் விவரமாக எழுதவும்.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் லீவில் வரும்போது குட்டியை அழைத்துப்போய் பெங்களூரில் உங்கள் தம்பி வீட்டில் விடுவதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். டிசம்பர் வரை தாங்காது மாப்பிள்ளை. உங்கள் தம்பிக்கு உடனே போன் போட்டு, அடுத்த ரயிலில் ஏறி வந்து குட்டியை அழைத்துப்போகச் சொல்லவும். நானே ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து உங்களிடம் பேசியிருப்பேன். ஆனால் இது கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கத்திச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை, பூத்துக்காரர் எங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தம்பி.

நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மாப்பிள்ளையின் நாயை நாய் என்று சொல்லக்கூட உங்கள் மாமியார் சுப்புலக்ஷ்மி என்னை விடுவதில்லை, "அவா ஆத்து ஜீவன்" என்றுதான் சொல்கிறாள். ஜனவரியில் நீங்கள் விட்டுப்போனபோதே அந்த ஜீவன் என் இடுப்புக்கு இருந்தது. அல்சேஷன் ஜாதிக்குக் குட்டி என்று பேர் வைத்தது யாருடைய யோசனை என்று நான் கேட்கவில்லை, ஹம்சினியாகத்தான் இருக்கும். காவலுக்கென்று வாங்கியதாகச் சொன்னீர்கள். வந்த நாளிலிருந்து இன்றுவரை ஒரு தடவைகூடக் குரைத்ததில்லை. முன்பு இருந்த நந்தனம் வீட்டில் தபால்காரர், பால்காரர், பழைய பேப்பர்காரர் எல்லோரையும் வாசல்வரை கொண்டுபோய் விட்டு வரும், அவ்வளவுதான். அந்த வீட்டில் பத்தொன்பது வருஷம் ஒரு சொல் கேட்காமல் குடியிருந்தோம் என்பது உங்களுக்கே தெரியும். மார்ச் மாதம் ஒரு நாள் காலை, அந்த வீட்டுக்காரர் தன் பல்செட்டைக் கழற்றி வாஷ்பேசின் மேல் வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, குட்டி அதைப் பதவிசாகக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தது. பின்னாலேயே வந்த மனிதர் என்னைப் பார்த்து என்னென்னவோ சொன்னார். வாயில் பல் இல்லாததால் ஒன்றும் விளங்கவில்லை. கோர்ட்டில் முப்பது வருஷம் மொழிபெயர்ப்பாளனாக இருந்த எனக்கே விளங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கையால் வாசலைக் காட்டினார், அது விளங்கியது.

அதற்கப்புறம் வீடு தேடி நான் அலைந்த அலைச்சல் பகவானுக்குத்தான் தெரியும். புரோக்கர் ஜவஹர் என்று ஒருவர், தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டீக்கடை பெஞ்சுதான் அவருக்கு ஆபீஸ். குட்டியை நேரில் பார்த்துவிட்டு, "இன்னா சார், நாயின்னு சொன்ன, கன்னுக்குட்டி மாரி கீது" என்றவர், பெரிய மனசு பண்ணி ஆறு வீடு காட்டினார். தி.நகரில் ஒரு வீட்டில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் என்றார்கள், குட்டி மூன்று மாதமாகத் தயிர்சாதம்தான் சாப்பிடுகிறது என்று நான் சொன்னதும் கதவு மூடிக்கொண்டது. இன்னொரு வீட்டில் மாடிப்படி குறுகல், குட்டி ஏறிவிட்டது, இறங்க மறுத்துவிட்டது, நானும் ஜவஹரும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். கடைசியில் அடையாறில் சகினா என்கிற அம்மாள் நாய் இருந்தால்தான் வீடே கொடுப்பாள் என்று கேள்விப்பட்டு, நல்ல காலம் பிறந்தது என்று ஓடினேன். அவளுக்கே ஐந்து நாய். குட்டியை உட்காரவைத்துப் பல்லைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், அப்புறம் என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தாள். துணி காயப்போடும் கொடிக்கயிறு அது. என்ன சோறு போடுகிறீர்கள், எத்தனை தடவை வாக்கிங் என்று கேட்டாள், நான் உள்ளதைச் சொன்னேன். "நாய் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. உங்களைத்தான் வெச்சுக்க முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சென்னைப் பட்டணத்தில் நாய்க்கு இடம் கொடுக்கச் சம்மதித்த ஒரே வீட்டில் நான் பெயிலாகிவிட்டேன்.

பிறகுதான் இந்த மயிலாப்பூர் வீடு. கீழே ஒரு ஆடிட்டர் ஆபீஸ், மேலே நாம். வீட்டுக்காரர் கோதண்டபாணி நங்கநல்லூரில் இருக்கிறார், சனிக்கிழமை சனிக்கிழமை தண்ணீர் மோட்டாரைப் பார்க்க வருவார். கேட்டில் "நாய் வளர்ப்போர் அணுக வேண்டாம்" என்று போர்டு. அதைப் படித்துவிட்டு நான் திரும்ப எத்தனித்தேன். ஜவஹர்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நீயா வாயத் தொறந்து நாயின்னு சொல்லாத சார், அவரு கேட்டா பாத்துக்கலாம்" என்றார். நான் யோசித்தேன். வளர்ப்பவர் மாப்பிள்ளை. நான் வைத்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். போர்டில் வளர்ப்போர் என்றுதானே போட்டிருக்கிறது? தவிர, சாட்சியானவன் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும், அதை உண்மையாகச் சொல்ல வேண்டும் என்பதை ஆயிரம் தடவை இரண்டு பாஷையிலும் சொல்லிப் பிழைத்தவன் நான்.

கோதண்டபாணி நாயைப் பற்றிக் கேட்கவேயில்லை. எல்லோரும் கேட்கிற மாதிரி, "குழந்தை குட்டி உண்டா?" என்று கேட்டார்.

"குழந்தை கல்யாணமாகி மஸ்கட்ல இருக்கா. குட்டி மட்டும் எங்களோட இருக்கு" என்றேன். இதில் ஒரு எழுத்து பொய் உண்டா, நீங்களே சொல்லுங்கள். "அடடா, அப்பா அம்மாவை விட்டுட்டா இருக்கு?" என்றார். மாப்பிள்ளைதான் எங்களிடம் விட்டுப் போயிருக்கிறார், முதல் வாரம் ஒரு பருக்கை சாப்பிடவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது என்றாள் சுப்புலக்ஷ்மி. அதுவும் நிஜம். வயசு என்ன என்றார், இரண்டரை என்றேன். பேச்சு வந்துவிட்டதா என்றார், இன்னும் வாயே திறக்கவில்லை, ஆனால் சொல்வதெல்லாம் புரிந்துகொள்ளும் என்றேன். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்திலேயே சாவியை எடுத்துக் கொடுத்தார். வாசலுக்கு வந்ததும், நான் பார்த்த வக்கீல்களெல்லாம் உன்னிடம் பிச்சை வாங்க வேண்டும் என்று ஜவஹரிடம் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் அதையே என்னிடம் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை, ஒன்று கவனித்தீர்களா? குழந்தை தூங்குகிறது, குழந்தை விளையாடுகிறது என்றுதானே நாம் பேசுகிறோம். நாய்க்கும் அதே விகுதிதான். ஆறு மாதமாக எங்களைக் காப்பாற்றி வருவது தமிழ் இலக்கணம். "குட்டி எங்கே?" என்பார் கோதண்டபாணி சனிக்கிழமை தோறும். நான் பின்பக்கப் படியால் அதை மெரினாவுக்கு ஓட்டிக்கொண்டு போயிருப்பேன். "தாத்தாவோட பீச்சுக்குப் போயிருக்கு" என்பாள் சுப்புலக்ஷ்மி. தாத்தா என்பதில் மட்டும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. ஹம்சினியின் குட்டிக்கு நான் வேறென்ன உறவு என்று அவள் கேட்டதும் ஒத்துக்கொண்டேன். நவராத்திரிக்கு வீட்டுக்கார மாமி பட்டுப் பாவாடை தைக்கிறேன் என்று இடுப்பளவு கேட்டனுப்பினாள். டேப் வைத்து அளந்து இருபத்தாறு அங்குலம் என்று எழுதிக் கொடுத்தோம். நல்ல புஷ்டியான குழந்தை என்று சந்தோஷப்பட்டாளாம். பாவாடை வந்தது, அரக்குக் கலர், பச்சைக் கரை. போட்டுப் பார்த்தேளா என்று மாமி கேட்டால் போட்டோம் என்று சொல்ல வேண்டாமா? அதற்காகப் போட்டுப் பார்த்தோம். கச்சிதமாக இருந்தது. குட்டிக்கு அது பிடித்துப்போய், கழற்ற வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

இதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது, போன சனிக்கிழமையோடு சிரிப்பு போய்விட்டது. நான் பீச்சில் இருந்தபோது கோதண்டபாணி ஒரு கட்டு வசம்பு கொண்டுவந்து, பேச்சு வர உரைத்து நாக்கில் தடவச் சொல்லி சுப்புலக்ஷ்மியிடம் கொடுத்தாராம். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க பொண்ணு அஞ்சு வயசு வரைக்கும் பேசலை மாமி. நாங்க ஏறாத படி இல்லை. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாராம். குட்டிக்குப் பேச்சு வந்தால் வடைமாலை சாத்துவதாக நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாராம். பேச்சு வரும்வரை காத்திருக்க மனசு கேட்கவில்லை, புரட்டாசி கடைசி சனிக்கிழமையே சாத்திவிடப்போகிறாராம். பிரசாதத்தைத் தன் கையாலேயே குழந்தைக்கு ஊட்ட வேண்டுமாம். அந்தச் சனிக்கிழமை நாளைதான். எனக்கு வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. ஒரு பொய்யும் சொல்லாமல் ஒரு நல்ல மனிதரை இவ்வளவு தூரம் ஏமாற்ற முடியும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், எட்டரைக்கே நான் குட்டியோடு கிளம்பிவிடுவேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை இருக்கிறது, அதற்கடுத்த சனிக்கிழமையும் இருக்கிறது. தெரிந்தால் தெருவில்தான் நிற்க வேண்டும். அறுபத்து மூன்று வயசில் இன்னொரு வீடு தேட என் காலில் தெம்பில்லை.

ஆகவே குட்டி உடனே போக வேண்டும். இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது சுப்புலக்ஷ்மி குட்டியின் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி தயிர்சாதம் போட்டாள், எனக்கு மோர்தான் மிஞ்சியது.

உங்களுக்கும் ஹம்சினிக்கும் தீர்க்காயுசும் சகல சம்பத்தும் உண்டாகப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன். உங்கள் பெற்றோருக்கு எழுதும்போது எங்கள் நமஸ்காரத்தைத் தெரிவிக்கவும். தம்பியிடம் குட்டிக்கு நல்ல தோல்வார் கொண்டுவரச் சொல்லவும்.

இப்படிக்கு,
கஸ்தூரிரங்கன்

பின்குறிப்பு (சனிக்கிழமை மத்தியானம்): கவரை ஒட்டுவதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. ஒன்பது மணி என்றவர் ஏழரைக்கே மாமியோடு வந்து நின்றார், கையில் தாம்பாளம், அதில் சுருட்டி வைத்த வடைமாலை. அவர் படியேறும் சத்தம் கேட்டுக் குட்டியைப் படுக்கை அறையில் தள்ளிக் கதவைச் சாத்தினேன். "குட்டியைக் கூப்பிடுங்கோ" என்றார் உட்காராமலே. உள்ளே இருக்கிறது என்றாள் சுப்புலக்ஷ்மி. இனி உண்மையைச் சொல்லிவிடுவது என்று நான் வாயைத் திறந்தேன். ஒன்பது மாதமாகத் தயிர்சாதத்தைத் தவிர வேறெதுவும் கண்டறியாத ஜீவனுக்கு மிளகு வடை வாசனை எட்டிவிட்டது போலிருக்கிறது. எனக்கு முன்னால் அது வாயைத் திறந்தது. அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன.

"ஏன்னா, குழந்தைக்குப் பேச்சு வந்துடுத்து" என்றாள் அந்த மாமி, மெதுவாக.

நான் போய்க் கதவைத் திறந்தேன். பட்டுப் பாவாடையோடு குட்டி வெளியே வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது. கோதண்டபாணி தாம்பாளத்தைப் பிடித்தபடி குனிந்து அதைப் பார்த்தார். நாய் என்று ஏன் சொல்லவில்லை என்றார். நீங்கள் கேட்கவில்லை என்றேன். சொன்ன மாத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தப்பு என்னுடையது, பத்து நாளில் காலி செய்துவிடுகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

"குட்டின்னு பேர் சொல்லித்தான் வேண்டிண்டேன். குட்டிக்குப் பேச்சு வரணும்னேன், வந்துடுத்து. மாலை சாத்தி ஒரு மணி நேரம் ஆகலை. இதை வாசல்ல பிடிச்சுத் தள்ளிட்டு அந்த சன்னதிக்கு நான் எந்த மூஞ்சியை வெச்சுண்டு போவேன்?" என்றார். பிறகு தரையில் உட்கார்ந்து, நூலை உருவிவிட்டு, ஒவ்வொரு வடையாக ஊட்டினார். மாமி பாவாடைக் கரையைச் சரிசெய்துவிட்டாள். போகும்போது கேட்டில் இருந்த போர்டைக் கழற்றித் திருப்பினார், ஆடிட்டர் ஆபீஸில் பெயிண்ட் வாங்கிப் பின்பக்கத்தில் "நாய் ஜாக்கிரதை" என்று தன் கையாலேயே எழுதி மாட்டினார். குட்டி இப்போது தபால்காரர், பால்காரர், காக்காய் எல்லோரையும் பார்த்துக் குரைக்கிறது. ஆடிட்டர் புகார் சொன்னாராம். ஆஞ்சநேயர் கொடுத்த வாயை மூட நான் யார் என்று கேட்டுவிட்டாராம் வீட்டுக்காரர்.

ஆகவே தம்பி வர வேண்டாம், தோல்வாரை மட்டும் பார்சலில் அனுப்பச் சொல்லவும். இன்னொன்று. படியிறங்கும்போது கோதண்டபாணி, "மாப்பிள்ளை இதைத் திருப்பிக் கேப்பாரோ?" என்று கேட்டார். டிசம்பரில் அழைத்துப்போவதாக எழுதிய உங்கள் போன கடிதம் மேஜை மேல் விரித்தபடியே இருந்தது. சுப்புலக்ஷ்மி அதைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை கேட்கவேயில்லை என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷம் பிறத்தியார் வாயிலிருந்து சத்தியம் வாங்கிக் கொடுத்தவன் சொன்ன முதல் பொய் இது. நீங்கள் கேட்காமல் இருந்துவிட்டால் அதுவும் நிஜமாகிவிடும். மாமனாரைப் பொய்யனாக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

க.ர.