கெட்டில் மூடிக்குப் பின் இரண்டு விநாடி

இனி மனைவி லிஸ்பெத்தின் குரல் தன் தயவில்லாமல் உயரக்கூடாது என்று பிரெபன் முடிவுகட்டினார். டென்மார்க்கின் ஸ்வென்போர் துறைமுகத்தில் நாற்பது வருஷம் படகு இன்ஜின்களுக்குக் காதைக் காவு கொடுத்தவருக்குப் புதுக் காது மெஷின் வந்திருந்தது. சின்னச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். பெரிய சத்தத்தைத் தலையில் தட்டி உட்காரவைக்கும். அவள் கத்தினாலும் இனிக் குசலம் விசாரிப்பது போலத்தான் விழும்.

முதல் வாரம் ராஜபோகம். குப்பையைக் கொட்டச் சொல்லி அவள் தொண்டை கிழியக் கத்தினாள். பிரெபன் பேப்பருக்குப் பின்னால் புன்னகைத்தார். அதைப் பார்த்தவள் கத்துவதையே நிறுத்திவிட்டாள்.

வீடு வெறிச்சென்றானது. ஃபிரிட்ஜின் உறுமலையும் தான் கறுப்பு ரொட்டி மெல்லுவதையும்தான் மெஷின் தூக்கித் தூக்கிக் கொடுத்தது. ஒரே மேஜையில் இருவர், பேச ஆளில்லை. நல்ல காது வந்த பிறகுதான் அந்தத் தனிமை அவருக்குக் கேட்டது. ஆனால் முதலில் பேசினால் தோல்வியாயிற்றே.

அப்புறம் வந்தது கெட்டில் மூடி. தினமும் காபி ஊற்றியதும் லிஸ்பெத் அதை டங்கென்று வைப்பாள், உடனே அவள் உதடுகள் அசையும். அவருக்கு ஒன்றும் கேட்காது. பெரிய சத்தத்துக்கு அடங்கிய மெஷின் பழையபடி ஏற இரண்டு விநாடி பிடிக்கும். கேட்கவில்லை என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. "சரி" என்று தலையாட்டினார். எதற்கெல்லாம் சரி சொல்லித் தொலைத்தோமோ என்ற கவலை பிடித்துக்கொண்டது. பேப்பரை மடித்துவிட்டு அவள் வாயையே பார்க்கத் தொடங்கினார்.

இப்படிப் பதினைந்து நாள் போனதும், மெஷின் வாங்கிய கடைக்கு ஓடினார். அங்கிருந்த பெண் இரண்டு விநாடியைக் கண்சிமிட்டும் நேரமாகக் குறைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் டங். உதடுகள் அசைந்தன. ஃபிரிட்ஜ் தெளிவாக உறுமியது. வேறொன்றும் கேட்கவில்லை.

பிரெபனுக்கு மானம் போய், பயம் வந்தது. "லிஸ்பெத், எனக்குக் கேக்கல. இத்தனை நாளா எதுக்கு சரி சொன்னேன்? என் படகை வித்துட்டியா?"

"நான் ஒண்ணுமே சொல்லலியே. வாயை மட்டும்தான் அசைச்சேன்."

"எதுக்கு?"

"மெஷினோட வந்த புத்தகத்தை நீ தூக்கிப் போட்ட. நான் எடுத்துப் படிச்சேன், அந்த ரெண்டு விநாடி விஷயம் அதுல இருந்துச்சு. ரெண்டு வருஷமா இந்த மேஜையில தனியாத்தான் காபி குடிக்கிறேன், பிரெபன். பேசினா நீ பேப்பரை விட்டுத் தலை தூக்கமாட்ட. இப்ப பதினஞ்சு நாளா என் முகத்தைப் பாக்குற."

அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "இனிமே தினமும் பேசலாம்" என்றார்.

"கேக்குதுல்ல?"

"நல்லாக் கேக்குது."

"அப்ப முதல்ல அந்தக் குப்பையைக் கொட்டிட்டு வா."