கடைசி ரீல் வந்த கப்பல்

பத்துபஸ்தி, போர்ட் பிளேயர்,
28-1-1970, புதன் காலை.

மரியாதைக்குரிய மைத்துனர் குழந்தைவேலு அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் தங்கை மரகதத்தின் கணவன் ஜம்புலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நாங்கள் சௌக்கியம் என்று தொடங்குவதுதான் முறை என்பதால் அப்படியே தொடங்கிவிட்டேன். மற்றபடி சௌக்கியம் ஒன்றும் இல்லை. ராயபுரத்தில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். ஒரு வீட்டிலாவது நிம்மதி இருக்கட்டும்.

மச்சான், விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் வரும் கப்பலிலேயே மரகதமும் வருகிறாள். கடிதம் என் ஆபீஸ் நண்பர் திருநாவுக்கரசு கையில் இருக்கும். அவர் லீவில் ஊருக்கு வருகிறார். சென்னைத் துறைமுகத்தில் அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் தாங்கள் இதைப் படித்துவிட வேண்டும். படித்துவிட்டு, அவளுக்கு நல்ல புத்தி சொல்லி, அடுத்த கப்பலில் திருப்பி ஏற்றிவிட வேண்டும். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்று இருந்தால் சமாதானமாவது பேசலாம். "இந்தப் பக்கத்து வீட்டுல வங்காளி, அந்தப் பக்கத்து வீட்டுல தெலுங்கு, எல்லாரும் ஹிந்தி பேசுறாங்க. நீங்க தமிழும் பேச மாட்டேங்கறீங்க. ஜஹாஸ் வரட்டும், நான் மெயின்லேண்டுக்குப் போறேன்" என்றாள். கப்பலுக்கு இங்கே ஜஹாஸ், நம் ஊர்ப் பக்கத்துக்கு மெயின்லேண்ட். நானும் வீராப்பாக "சரி" என்று சொல்லி, டிக்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை மச்சான்.

குடியரசு தினம் திங்கட்கிழமை வந்ததால் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே விடுமுறை. கப்பலும் அன்றைக்குத்தான் சாத்தம் ஜெட்டிக்கு வந்து நின்றது. அவளை அமைதியாக வெளியே அழைத்துப் போய், ஓட்டலில் சாப்பிட்டு, எனக்குப் பிடித்த படத்தை இன்னொரு முறை பார்த்து, அவள் மனதைத் தானாகவே மாற வைப்பது என்று திட்டம் போட்டேன். வெங்காயமும் முருங்கைக்காயும் கப்பலில் வந்தால்தான் எங்களுக்கு உண்டு. ஆகையால் கப்பல் வந்தால் ஊரே ஓட்டலுக்குக் கிளம்பும். அபர்தீன் பஜாரில் பக்தவத்சலம் ஓட்டலில் அவளை உட்கார வைத்து, இன்றைக்கு முருங்கைக்காய் சாம்பார் என்று பெருமையாகச் சொன்னேன். இலையில் விழுந்தது பூசணிக்காய். முதலாளியைக் கேட்டால், "ஜஹாஸ் வந்துச்சு சார், மால் சரக்கு எறங்கல. கூலிக்காரங்களுக்கு மூணு நாள் லீவு சுட்டியாம். கரையிலருந்து முருங்கைக்காயப் பார்த்துட்டு வேணா வரலாம்" என்கிறார். ஞாயிறு மத்தியானம் மறுபடியும் போனோம். சாம்பாரிலும் பூசணி, கூட்டிலும் பூசணி. "வீட்டுல இருந்தா இதே பூசணிக்காய நானே வச்சிருப்பேனே" என்றாள் மரகதம். அந்த நேரம் பார்த்துக் கப்பல் சங்கு ஊதியது. நான் திடுக்கிட்டு எழுந்த வேகத்தில் ரசம் கவிழ்ந்து அவள் புடவையெல்லாம் பாழ். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சரி, படம் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். இங்கே படப்பெட்டியும் கப்பலில்தான் வர வேண்டும். வந்த தமிழ்ப் படத்தை லேசில் திருப்பி அனுப்ப மாட்டார்கள். தகரக் கொட்டகையில் திருப்பித் திருப்பி ஓட்டுவார்கள். இது எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் வந்த படம். எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. கதாநாயகி கோபித்துக்கொண்டு பெட்டியோடு ரயிலுக்குப் போவாள். புருஷன் பிளாட்பாரத்தில் மழையில் நனைந்துகொண்டு நிற்பான். வாயே திறக்க மாட்டான். அவள் ரயில் படியில் கால் வைத்து, மெதுவாகத் திரும்பிப் பார்ப்பாள். அவ்வளவுதான், விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஒரு வார்த்தை பேசாமல் நின்றே ஜெயித்த மனுஷன்! குடும்பம் நடத்துவதில் நான் அவனைத்தான் குருவாக வைத்திருந்தேன். கடைசியில் 'வணக்கம்' என்று எழுத்து வருவதில்லையே என்று யாரும் யோசித்ததும் இல்லை. இங்கே எதுதான் முழுசாக வந்து சேர்கிறது?

ஞாயிறு மாலை அந்தக் காட்சி வந்தது. படியில் கால், திரும்பிய முகம். நான் ஓரக்கண்ணால் மரகதத்தைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. மச்சான், எனக்கு உயிர் வந்தது. வழக்கம்போல் ஜனங்கள் செருப்பைத் தேட, ஆபரேட்டர் முன்னால் ஓடி வந்து, "யாரும் எந்திரிக்காதீங்க! இத்தன நாளா வராம இருந்த கடைசி ரீல இந்த ஜஹாஸ்ல ஒருத்தர் கையோட கொண்டாந்துட்டாரு!" என்றான். கொட்டகையே கை தட்டியது, நானும் தட்டினேன். ரீல் ஓடியது. திரும்பிய கதாநாயகி இரண்டு எட்டு வந்து, இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு ரயிலேறிவிட்டாள். ரயில் போயே போய்விட்டது. அவன் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. வணக்கம் போட்டுவிட்டார்கள். "பழையபடி காட்டு!" என்று ஊரே கூச்சல். மரகதம் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான் படம் சரியா இருக்கு" என்றாள்.

திங்கட்கிழமை முழுக்க மின்னி பே கடற்கரை வரை நடப்பதும் திரும்புவதுமாக இருந்தேன். 'போகாதே' என்று ஒரு வார்த்தைதான். நாக்கு நுனிவரை வருகிறது, அவள் முகத்தைப் பார்த்ததும் "குடிக்கத் தண்ணி இருக்கா?" என்று மாறிவிடுகிறது. இப்போது அவள் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் ஆபீஸ் வேலை பார்ப்பவன்போல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் இல்லாமல் என்னால் இந்த வீட்டில் ஒரு நாள் இருக்க முடியாது. அதை என் சார்பில் தாங்கள்தான் அவளிடம் சொல்ல வேண்டும். வண்டி வந்துவிட்டது. பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், அக்காவுக்கு என் அன்பான விசாரிப்பு.

இப்படிக்கு,
தங்கள் தயவை நம்பியிருக்கும்,
ஜம்புலிங்கம்

பி.கு.: சாத்தம் ஜெட்டி. திருநாவுக்கரசின் முதுகில் வைத்துப் பென்சிலால் எழுதுகிறேன்; கோணல் எழுத்துக்கு மன்னிக்கவும். மேலே எழுதியது அத்தனையும் ரத்து. மரகதம் வரவில்லை. கப்பல் படியில் கால் வைத்தவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். சாவியைத்தான் கொடுக்கப் போகிறாள் என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "போகாதே மரகதம்!" என்று கத்திவிட்டேன். ஜெட்டியே திரும்பிப் பார்த்தது. அவள் இறங்கி வந்து, "இத வீட்டுலயே சொல்லியிருந்தா பெட்டியாவது மிஞ்சியிருக்கும்" என்றாள். பெட்டி கிரேனில் ஏறிக் கப்பலின் அடிக்குப் போய்விட்டது. இனி சென்னையில்தான் எடுக்க முடியுமாம். புடவைகளோடு வீட்டுச் சாவியும் அதற்குள். "சாவிய ஏன் வச்சே?" என்று கேட்டேன். "படத்துல அவ திரும்பி வராதவ, குடுத்துட்டுப் போனா. நான் திரும்பி வர்றவ, எடுத்துட்டுத்தானே போவேன்?" என்கிறாள். வீடு பூட்டிக் கிடக்கிறது, வேறு சாவியும் கிடையாது. சரக்கு நேற்றே இறங்கிவிட்டதாம். நாங்கள் முருங்கைக்காய் சாம்பார் சாப்பிடப் போகிறோம். ஆகவே மச்சான், தாங்கள் அவசியம் துறைமுகத்துக்கு வந்து, திருநாவுக்கரசிடம் பெட்டியை வாங்கி, அதற்குப் புத்தி எதுவும் சொல்லாமல், அடுத்த கப்பலில் திருப்பி ஏற்றிவிடவும்.