அரை ரூபாய் அப்பச்சிக்கு வந்த ஒரு ரூபாய்

ஒரு வங்கி மேலாளரை நடுங்க வைக்கத் தணிக்கைக் குழு வேண்டாம், முகமூடிக் கொள்ளையர் வேண்டாம். காரைக்குடி அரை ரூபாய் அப்பச்சி ஒருவர் போதும். முப்பத்தாறு ஆண்டுப் பணியில் நான் இருவருக்குத்தான் பயந்திருக்கிறேன். மற்றவர் என் மனைவி.

அப்பச்சி என்று ஊரே அழைத்த அந்தப் பெரியவர், இரும்புக் கடை வைத்திருந்து பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டவர். இயற்பெயர் பாஸ்புக்கில் இருந்தது. யாரும் அதைச் சொன்னதில்லை. பட்டப்பெயருக்குக் காரணம் சேமிப்புக் கணக்கின் வட்டி விதி. ஒவ்வொரு நாளும் அன்றைய இறுதி இருப்புக்கு வட்டி கணக்கிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகச் சேர்ப்பார்கள். அந்த மொத்தத்தில் சில்லறை ஐம்பது பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் முழு ரூபாயாக்குவார்கள். நாற்பத்தொன்பது என்றால் அந்தச் சில்லறை போயே போச்சு.

உலகம் இந்த விதியைப் படிக்காமலே நிம்மதியாக இருந்தது. அப்பச்சி படித்துவிட்டார். தினக் காலண்டரில் அன்றன்று கிழிக்கும் தாளின் பின்புறம் அன்றைய இருப்பையும் வட்டியையும் எழுதிக் குண்டூசியில் குத்திவைப்பார். காலாண்டு முடியப் பத்து நாள் இருக்கும்போது கூட்டிப் பார்ப்பார். நாற்பத்து மூன்று பைசாவில் நிற்கிறதா? நூறு ரூபாயோடு வந்துவிடுவார். பத்து நாளைக்கு நூறு ரூபாய் ஏழு பைசா ஈனும். ஐம்பதைத் தொட்டுவிடும்.

ஒருமுறை நாலு நாள் தொடர் விடுமுறைக்கு முந்தைய நாள், காசாளர் சாந்தி பெட்டியைப் பூட்டப் போகும் நேரத்தில் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஆத்தா, பூட்டிராதீக! இந்த நூறை உள்ள போடுங்க. நாலு நாளும் நீகதான் லீவு, வட்டிக்கு ஏது லீவு?"

எனக்கு முன்பிருந்த மேலாளர் இவருக்காகவே சிவகங்கைக்கு மாற்றல் கேட்டுப் போனார் என்பார்கள். சாந்தி ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துகொள்வாள். ஏனென்றால் வட்டி சேர்ந்த மறுநாள் அப்பச்சி குண்டூசிக் கட்டோடு வருவார். அவர் கணக்கும் கணினியின் கணக்கும் ஒத்துப்போகும் வரை கிளையில் யாரும் தேநீர் குடிப்பதில்லை.

நான் ஓய்வு பெற நாலு வாரம் இருந்தபோது ஒத்துப்போகவில்லை.

வழக்கமாக மாதக் கடைசியில் பிடிக்கும் குறுஞ்செய்திக் கட்டணத்தை அந்த முறை கணினி பத்து நாள் முந்திப் பிடித்துவிட்டது. பதினேழு ரூபாய்ச் சொச்சம். பத்து நாளில் அதனால் குறைந்த வட்டி ஒரு பைசா. அப்பச்சி சரியாக ஐம்பதில் நிறுத்தி வைத்திருந்தார். நாற்பத்தொன்பதாகிவிட்டது.

"என் ரூவா எங்க மேனேஜரு?"

"விதிப்படிதான் வந்திருக்கு அப்பச்சி."

"விதிப்படியா? பத்து நாளைக்கு முன்னாடியே புடிக்கணும்னு எந்த விதியில இருக்கு, காட்டுங்க பாப்போம்."

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன், அப்படியொன்று இல்லை. அவர் மூன்று பிரதியில் புகார் எழுதி மேசையில் வைத்தார். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேலே போவாராம். முப்பது நாளில் நானே இருக்கமாட்டேன். புகார் நிலுவையில் இருந்தால் ஓய்வூதியக் காகிதம் நகராது என்று எந்த விதியிலும் இல்லை. விதியில் இல்லாதவைதான் அலுவலகங்களில் தவறாமல் நடக்கும் என்பதை அறிந்தவன் நான்.

பயம் அறிவைத் தின்னும். மறுநாள் மாலை என் செல்பேசியிலிருந்து அவர் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பினேன். இருப்பு சரியாகிவிட்டால் மனிதர் அடங்கிவிடுவார் என்று எண்ணினேன்.

அனுப்பிய மூன்றாம் நாள் காலை, கதவு திறக்கும்போதே வாசலில் நின்றார். முகத்தில் ரத்தமில்லை. பாஸ்புக்கை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"சார், எவனோ என் கணக்குல ஒரு ரூவா போட்டிருக்கான். பேரு இல்ல, ஊரு இல்ல, வெறும் நம்பரு. மொத ஒரு ரூவா அனுப்பிப் பாப்பானுகளாம். அப்புறம் மொத்தமா வழிச்சுருவானுகளாம். பேப்பர்ல போட்டிருக்கான். நேத்துச் சாயங்காலம் பாஸ்புக்க மிஷின்ல போட்டுப் பாத்ததுல இருந்து சோறு எறங்கல. கணக்க முடக்குங்க. இப்பவே முடக்குங்க!"

"அப்பச்சி, வியாழக்கிழமை உங்க வீட்டு ஆச்சிக்கு..."

"தெரியும் சார்! மதுரையில முழங்கால் ஆப்பரேசன். அந்தப் பணம் பூரா இதுலதான் கெடக்கு. திருடிட்டா அவ எப்படி நடப்பா? ஆச்சிக்கிட்ட இன்னும் சொல்லல. சொல்லப் பயமா இருக்கு."

கணக்கை முடக்குவது ஒரு நிமிட வேலை. திறக்க விசாரணை, கடிதம், மேலிட ஒப்புதல். வியாழக்கிழமை போய் அடுத்த வியாழனும் போய்விடும். முடக்காமல் இருக்க ஒரே வழி, உண்மையைச் சொல்வது. மேலாளர் தன் பணத்தை வாடிக்கையாளர் கணக்கில் போடக்கூடாது என்று பயிற்சி வகுப்பில் பாடம் எடுத்தவனே நான்தான். புகாருக்கு இரண்டாம் பக்கம் கிடைத்துவிடும். அவரோ கணக்கை முடக்கச் சொல்லும் விண்ணப்பத்தை எழுதத் தொடங்கியிருந்தார்.

"அப்பச்சி, அந்த ரூபாயை அனுப்பினது நான்தான்."

"நீகளா? எதுக்கு?"

"உங்களுக்குப் பயந்துதான்."

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து சாந்தி கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"எனக்கா பயந்தீக? வீட்டுல ஒரு காபிக்கு மூணு தரம் குரல் குடுக்கிறவன் சார் நான். ஆச்சி கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பா."

சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து என் முன் வைத்தார். மேசையில் கிடந்த தன் புகாரின் மூன்று பிரதிகளையும் எடுத்தார். முதல் பிரதியைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் கணக்குப் போடத் தொடங்கினார்.

"உங்க ரூவா என்கிட்ட ரெண்டு நாள் கெடந்திருக்கு. அதுக்கு வட்டி..." பேனாவை மூடினார். "அரை ரூவாய்க்குக் கீழ. விதிப்படி கெடையாது."

மூன்று தாள்களையும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. மாதக் கடைசியில் என் பிரிவுபசாரத்துக்கு ஆச்சி கைத்தடியோடு நடந்தே வந்தார். "இவுகளுக்கா பயந்தீக?" என்று என்னை எல்லார் முன்னும் கேட்டார்.

இப்போது நான் மதுரையில் இருக்கிறேன். காலாண்டு முடியும் சமயத்தில் ஒரு அழைப்பு வரும். "சார், நாப்பத்தாறுல நிக்கிறீக. நாளைக்குள்ள ஒரு நூறைப் போட்டுருங்க."

முப்பத்தாறு ஆண்டில் யாருடைய இருப்பையும் யாரிடமும் சொல்லாதவன் நான். என் மனைவிக்கும் தெரியாத என் இருப்பைக் காரைக்குடியில் ஒருவர் காலண்டர் தாளில் எழுதிவைக்கிறார். தினமும் மாலை ஐந்து மணிக்கு நானே கூப்பிட்டுச் சொல்கிறேன். நாலைந்து முறை மணி அடித்தும் அவர் எடுக்காவிட்டால், எனக்குப் பயமாக இருக்கிறது.