மண்டைக்கு ஊத்தின சந்தனம்

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு கெலுகோர்ல பொண்ணு பார்க்கப் போகணும்.

எனக்கு வயசு முப்பத்தஞ்சு. அது பிரச்சனை இல்ல. பொண்ணு வீட்டுக்கு அனுப்புன போட்டோவுல இருக்குற முடியில பாதிதான் இப்ப தலையில இருக்கு!

காலையில போன்ல ஒரு செய்தி. மூக்கு மாதிரி முடி வேரும் வாசனை பிடிக்குமாம். சந்தன வாசனை பட்டா முடி கொட்டாம நிக்குமாம்.

முழுசா படிச்சேனா? இல்ல. பாதியிலயே மோட்டார் சைக்கிள் சாவிய எடுத்துட்டேன்.

டவுன்ல அத்தர் கடை. கடைக்கார அண்ணே ரெண்டு பாட்டில எடுத்து வச்சாரு.

"இது கெமிக்கல் சந்தனம், தம்பி. இது அசல். எது வேணும்?"

"என்னைப் பாத்தா ஏமாளி மாதிரியா இருக்கு? அசலைக் குடுங்க!"

"கையில ஒரு சொட்டு போதும்லா. நாள் பூரா நிக்கும்."

ஒரு சொட்டா? ஜெலுத்தோங்ல இருக்கிற என் வீட்டுக்கு வந்து, பாதி பாட்டில மண்டையில கவுத்துட்டேன். அதுக்கு மேல ஹெல்மெட். கெலுகோர் போற ரோடு பூரா வெயில், ஜேம். எண்ணெயும் வேர்வையும் சேந்து சட்டைக்குள்ள இறங்குது!

அக்கா முன்னாடியே வந்து பொண்ணு வீட்டு வாசல்ல நின்னா. ஹெல்மெட்ட கழட்டினேன்.

"டேய், என்னடா இது? பத்தி ஃபேக்டரியிலயா வேலை செஞ்சுட்டு வர?"

கதவைத் திறந்த பொண்ணோட அப்பா, "வாங்க"ன்னு சொல்றதுக்குள்ள ஆறு தும்மல் போட்டாரு.

பொண்ணோட அம்மா மரியாதையா கேட்டாங்க: "கோயிலுக்குப் போய்ட்டு வரீங்களா, தம்பி?"

"ஆமாங்க."

"எந்தக் கோயில்?"

எனக்கு ஒரு கோயில் பேரும் ஞாபகம் வரல!

அப்பாவுக்குத் தும்மல் நிக்கல. கண்ணெல்லாம் சிவந்துடுச்சு. கடைசியில நாற்காலிய எல்லாம் வெளிய தூக்கிட்டு வந்து, கார் நிறுத்துற இடத்துல உக்காந்தோம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி செடிக்குத் தண்ணி ஊத்துற சாக்குல மொத்த நிகழ்ச்சியும் பாத்தாங்க.

பொண்ணு தேத்தண்ணி கொண்டு வந்தாங்க. யூனிவர்சிட்டி லேப்ல வேலை. என் மண்டையப் பாத்துட்டு மெதுவா கேட்டாங்க.

"முடிக்கா?"

பொய் சொல்ல தெம்பில்ல. "ஆமா."

"அந்தச் செய்தி நானும் படிச்சேன். அவங்க சோதிச்சது கெமிக்கல்ல செஞ்ச வாசனை. அசல் எண்ணெய்க்கு அந்த வேலை ஆகாதுலா. அதுவும் இன்னும் ஆராய்ச்சிதான்."

எனக்கு அப்படியே தேத்தண்ணிக்குள்ள குதிச்சிடலாம் போல இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து மூணு தடவ ஷாம்பு போட்டேன். இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான்னு அக்கா முடிவே பண்ணிட்டா.

ராத்திரி பொண்ணுகிட்ட இருந்து மெசேஜ். "மிச்சம் இருக்கிற முடியையும் எடுத்துட்டு இன்னொரு தடவ வாங்க. மொட்டை உங்களுக்கு நல்லா இருக்கும்னு தோணுது."

மறுநாள் முடிவெட்டுற கடைக்காரர் கதவைத் திறக்கும்போது, வாசல்ல முதல் ஆளா நான்தான் நின்னேன்.