ஐந்து ரிவர்ஸ் கியர் உள்ள லாரி

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். லாரி நலமாக இல்லை. அங்கே உங்கள் நலத்தையும் வீட்டார் நலத்தையும் விசாரிப்பதுதான் முறை. விசாரித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. 'பெரிய மனசு பண்ணி நீங்களே ஒரு தடவை கைராசியின் பட்டறைக்குப் போய்ப் பேசிவிடுங்கள், அவன் தங்கமான ஆள்' என்று எழுதியிருந்தீர்கள். என் மனசு பெரியதுதான். ஆனால் அதில் கைராசிக்கு இடமில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நடந்ததை அவன் வாயால் கேட்டிருப்பீர்கள். என் வாயாலும் கேளுங்கள். பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் வந்தது. இது எங்களுக்குச் சோறு போடுகிற வண்டி, அது முனகினால் எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது. பெரிய பட்டறை எதிலாவது விடலாம் என்றுதான் நினைத்தேன். நீங்கள்தான் போனில், "என்கூட ஒண்ணாப் படிச்சவன் அங்க பட்டறை வச்சிருக்கான் மச்சான், அவன் கை பட்டா பொணம்கூட எழுந்து ஓடும், அதனாலதான் ஊரே கைராசின்னு கூப்பிடுது" என்றீர்கள். நம்பினேன். ஒன்றாகப் படித்தவன் என்றீர்களே, படித்தானா என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

பின் அச்சின் நடுவே பானையைக் கவிழ்த்தது போல ஒன்று இருக்குமே, அதற்குள் கிரவுன் என்று பெரிய பல்சக்கரம் ஒன்று உண்டு. என்ஜினின் சுற்றலை வாங்கிச் சக்கரங்களுக்குக் கொடுப்பது அதுதான். அது தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றான். மாற்று என்றேன். எப்போது தருவாய் என்றதற்கு "நாளைக்கு" என்றான். அவனுடைய நாளை நம் காலண்டரில் இல்லை மச்சான். நான் போகும்போதெல்லாம் என் வண்டியின் பின்பக்கம் குடல் சரிந்து கிடக்கும், அவன் வேறொருவன் வண்டிக்கு அடியில் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பான். கடைசியில் ஒரு வழியாகப் போன் வந்தது. "அண்ணே, வண்டி ரெடி. வந்து ராஜா மாதிரி ஓட்டிட்டுப் போங்க."

ராஜா போனார். போனதும் ஒரு பழைய டப்பாவைக் கையில் கொடுத்தான். உள்ளே போல்ட்டும் நட்டும். என்ன இது என்றால், "மிச்சம்ணே. கம்பெனிக்காரன் தேவையில்லாம அதிகமாப் போட்டிருக்கான்" என்கிறான். அந்த இடத்திலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்காமல் ஏறி உட்கார்ந்தேன், முதல் கியரைப் போட்டேன், கிளட்சை விட்டேன். வண்டி பின்னால் போய்ப் பழைய டயர் அடுக்கில் முட்டி நின்றது.

"அண்ணே, ரிவர்ஸைப் போட்டுட்டீங்க" என்றான் கைராசி. நானும் சரி, கவனப்பிசகு என்று கியரைப் பார்த்துப் போட்டேன். பின்னால் போனது. இரண்டாவது போட்டேன், இன்னும் வேகமாகப் பின்னால் போனது. மூன்றாவதைப் போட எனக்குத் துணிவில்லை, சுவர் பக்கத்தில் இருந்தது. எதற்கும் பார்ப்போமே என்று ரிவர்ஸைப் போட்டேன். பீப் பீப் என்று சங்கு ஊதிக்கொண்டு, பின்விளக்கு எரிய, வண்டி அழகாக முன்னால் நகர்ந்தது!

கிரவுனை வலது இடது மாற்றிப் பூட்டிவிட்டான் மச்சான். சக்கரங்கள் எல்லாம் தலைகீழாகச் சுற்றுகின்றன. முன்னால் போக ஐந்து கியர், பின்னால் போக ஒன்று என்று உலகமெல்லாம் லாரி செய்கிறார்கள். என்னிடம் இருப்பது பின்னால் போக ஐந்து, முன்னால் போக ஒன்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்களே, அது இதுதான்.

"ஓட்டிப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"ஜாக்கியில தூக்கி வச்சுப் பார்த்தேண்ணே. சக்கரம் சுத்துச்சு."

"எந்தப் பக்கம் சுத்துச்சு?"

"ரெண்டு பக்கமும்தான். லெஃப்டும் சுத்துச்சு, ரைட்டும் சுத்துச்சு."

"யோவ், முன்னாடி சுத்துச்சா பின்னாடி சுத்துச்சா?"

அதைப் பார்க்கவில்லையாம். சுற்றியதே பெரிய விஷயமாக இருந்திருக்கிறது. சரி, மனிதன்தானே, தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். நீங்களே என் குணம் அறிந்தவர். ஆனால் அவன் என்ன சொன்னான் தெரியுமா? அங்கே பெயின்டர் நின்றார், பஞ்சர் கடைக்காரர் நின்றார், டீக்கடைக்காரர் கிளாஸ் எடுக்க வந்தவர் எடுக்காமல் நின்றார். அவர்கள் மூன்று பேருக்கும் நடுவில், என் தோளில் கிரீஸ் கையை வைத்து, "தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே. வேலை சுத்தமா இருக்கு. உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியலை" என்றான்.

எனக்கு ஓட்டத் தெரியவில்லையாம்! என் தலை நரைத்ததே ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். உடம்பெல்லாம் எரிந்தது மச்சான், இப்போது எழுதும்போதும் எரிகிறது. அங்கேயே சொல்லிவிட்டேன், "இதே மூணு பேர் முன்னாடி 'தப்பு என்னுது'ன்னு நீ சொல்ற வரைக்கும் என் வண்டி மேல உன் நகம்கூடப் படக் கூடாது" என்று. அவனும் லேசுப்பட்டவனா? "ஓட்டத் தெரியலைன்னு நீங்க முதல்ல ஒத்துக்குங்க. அப்புறம் வண்டியைப் பிரிக்கிறேன்" என்றான்.

வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்திருக்கலாம். நானா? ரிவர்ஸ் கியரிலேயே வீடுவரை முன்னோக்கி ஓட்டிக்கொண்டு வந்தேன். என்ஜின் அலறுகிறது, பின்னால் பீப் பீப் என்று ஊதுகிறது, வண்டி நடை வேகத்தில் போகிறது. முதலில் சைக்கிள் ஒன்று என்னைத் தாண்டியது. பிறகு தள்ளுவண்டியில் வெங்காயம் விற்கிற அம்மாள் தாண்டினார், போகிறபோக்கில் "என்னப்பா, வண்டிக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். முச்சந்தியில் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டினார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, "ரிவர்ஸ் விளக்கு எரியுது, ஆனா நீங்க முன்னாடி போறீங்க. இதுக்கு என்ன கேஸ் போடறதுன்னே எனக்குத் தெரியலை. தயவுசெஞ்சு போயிடுங்க" என்று கும்பிட்டார்.

(இங்கே கொஞ்சம் நிறுத்தி எழுதுகிறேன். வெளியே டங்கு டங்கென்று ஒரே சுத்தியல் சத்தம். எதிர்வீட்டில் கதவு மாற்றுகிறார்களாம். உங்கள் தங்கை, "எழுதறவருக்குத் தொந்தரவா இருக்கும்" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகிறாள். இவ்வளவு அக்கறையை நான் கல்யாணமான புதிதில்கூடப் பார்த்ததில்லை. லாரியின் உள்ளே துடைக்கப்போகிறேன் என்று சாவியை வேறு வாங்கிப் போயிருக்கிறாள்.)

வேறு பட்டறையில் காட்டக் கூடாதா என்று கேட்பீர்கள். காட்டினேன். இந்தத் தொழிலில் ஒரு தர்மம் இருக்கிறதாம், ஒருவன் கை வைத்த வேலையில் இன்னொருவன் கை வைக்கக் கூடாதாம். போன இடத்திலெல்லாம் அடியில் குனிந்து பார்ப்பார்கள், நிமிர்வார்கள், "யாரு, கைராசி பிரிச்சதா? அவர்கிட்டயே கொண்டு போங்க" என்பார்கள். கெடுத்தவனிடமே கொண்டு போ என்பது என்ன தர்மமோ! இதற்கு நடுவில் எனக்கு வழக்கமாக லோடு தருகிற மரக்கிடங்குக்காரர் ஆள் அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சுகள் போய்ச் சேர வேண்டும், திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பரீட்சை, வண்டி வராவிட்டால் இனிமேல் கிடங்கு லோடு எல்லாமே வேறு லாரிக்கு என்று. அந்தக் கிடங்கு லோடு போனால் நான் லாரியை விற்க வேண்டியதுதான் மச்சான். விளையாட்டாக எழுதவில்லை.

இதைச் சொன்னதும் உங்கள் தங்கை, "ஓட்டத் தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்களேன். சொன்னா வாய் வெந்தா போயிடும்?" என்றாள். வெந்துதான் போகும். சோறு போனால் இன்னொரு வழியில் சம்பாதித்துக்கொள்வேன். ஓட்டத் தெரியாதவன் என்ற பேரைச் சம்பாதித்துக்கொண்டு நான் எந்த வண்டியில் ஏறுவேன்?

(சாப்பிட்டுவிட்டுத் தொடர்கிறேன். எதிர்வீட்டில் இப்போது பீரோ இறக்குகிறார்கள் போலிருக்கிறது, தொப்பென்று ஒரு சத்தம், தரையே அதிர்ந்தது. அந்த வேலைக்காரர்களுக்கும் உங்கள் தங்கைதான் சோறு போட்டாளாம். குழம்பில் எனக்குக் கிடைத்தது அடியில் கிடந்த கத்தரிக்காய்க் காம்பு. போகட்டும், அவளுக்கு இளகிய மனசு, உங்கள் குடும்பத்து ரத்தம்.)

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். பெஞ்சுகளை ரிவர்ஸ் கியரிலேயே கொண்டு போய் இறக்குவேன். முதல்நாள் காலையிலேயே புறப்பட்டால் மறுநாள் மணி அடிப்பதற்குள் சேர்ந்துவிடலாம். இதற்காகத் தினமும் தெருவில் பழகிவருகிறேன். இப்போதெல்லாம் முன்னால் போக வேண்டும் என்று நினைத்தாலே கை தானாக ரிவர்ஸுக்குப் போய்விடுகிறது. பீப் பீப் என்று கேட்டால்தான் எனக்கு முன்னால் போகிற நிம்மதியே வருகிறது. இப்படி ஒரு வண்டியை இப்படி ஓட்ட உலகத்தில் வேறு யாரால் முடியும்? இதையா அவன் ஓட்டத் தெரியவில்லை என்கிறான்?

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவனைக் கைகாட்டியது நீங்கள், வழிக்குக் கொண்டுவர வேண்டியதும் நீங்கள். பெயின்டர், பஞ்சர் கடைக்காரர், டீக்கடைக்காரர் மூன்று பேர் முன்னிலையில் 'தப்பு என்னுது' என்று அவனைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்கள் வீட்டு வாசலில் என் செருப்பு இனிக் கிடக்காது. இது மிரட்டல் இல்லை, தகவல்.

உங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள், நட்டு மிஞ்சாமல் வேலை செய்கிறவர்களாக வளரச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டாரை விசாரித்ததாகச் சொல்லவும். கைராசியை விசாரித்ததாக யாரிடமும் சொல்ல வேண்டாம்.

தலை வணங்காத,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கடிதத்தைத் தபாலில் போடலாம், அப்படியே பழகினது போலவும் இருக்கும் என்று, வண்டியிலேயே தொங்கிய சாவியைத் திருகி லாரியை எடுத்தேன். வழக்கம்போல ரிவர்ஸைப் போட்டேன். வழக்கம்போல பீப் பீப் என்றது. நிம்மதியாகக் கிளட்சை விட்டேன். வண்டி பின்னால் போய்விட்டது மச்சான். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றிருக்கிறது. இப்போது அதை நின்றது என்று சொல்ல முடியாது.

எதிர்வீட்டில் கதவும் மாற்றவில்லை, பீரோவும் இறக்கவில்லை. காலையிலிருந்து என் வீட்டு வாசலில் என் லாரிக்கு அடியில் கிடந்து கிரவுனைத் திருப்பி மாட்டியது கைராசி. கூப்பிட்டது உங்கள் தங்கை. கிரவுனைத் தூக்க ஆள் வேண்டும் என்று அவர் கூட்டி வந்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? பெயின்டர், பஞ்சர் கடைக்காரர், டீக்கடைக்காரர். என் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த கைராசி திரும்பித் தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "நான்தான் அன்னைக்கே சொன்னேனேண்ணே" என்றார்.

இதைவிடக் கொடுமை, வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோதே அந்த மூன்று பேரிடமும், "தப்பு என்னுதுதான், அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று அவர் சொல்லிவிட்டாராம். உங்கள் தங்கை சாட்சி. ஆக, நான் கேட்டது கேட்டபடியே நடந்துவிட்டது. இப்போது நான்கு பேரும் வாசலில் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நான் கேட்ட அதே வார்த்தைதான்.

நான் சொல்ல மாட்டேன். நீங்கள் உடனே புறப்பட்டு வந்து என் சார்பில் சொல்லிவிட்டுப் போங்கள். பஸ் நிலையத்துக்கு லாரியோடு வந்து நிற்கிறேன். ஐந்து கியரும் முன்னால் போகின்றன. எதிரே மட்டும் நிற்காதீர்கள், பின்னாலும் நிற்காதீர்கள்.